குடைக்குக் கீழேயும் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி அடைமழை ஓய்ந்த மறுநாள் காலையில், காரைக்குடி, குன்றக்குடிப் பக்கத்துச் சரளைக் காடுகளில் கறையான் புற்றைச் சுற்றிக் காளான் பூத்திருப்பதைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. பலரும் அதைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பி, இது என்ன காளான் என்று என்னைக் கேட்கிறார்கள். வருபவற்றில் பெரும்பாலானவை நின்றபடி மேலிருந்து எடுத்த படங்கள். குடையின் மேல்பக்கம் மட்டும் தெரியும் படத்தை வைத்துக்கொண்டு உறுதியாகப் பெயர் சொல்வது மிகவும் கடினம்.

புற்றுக்காளானையே எடுத்துக்கொள்வோம். எங்கள் தெருவில் வீடு கட்ட வானம் தோண்டியபோது கொத்தனார் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேலே விரிந்திருந்த குடையின் தண்டு, வெட்டுப்பட்ட மண்சுவரில் மெலிந்து மெலிந்து இறங்கி, ஒரு முழத்துக்கும் கீழே, கடற்பஞ்சு போன்ற பழுப்புக் கட்டி ஒன்றில் போய் முடிந்தது. "இது வேரா, தண்டா, ஐயா?" என்று கேட்டார். வேரன்று. கறையான்கள் தின்ற சருகும் மரமும் கழிவாக வெளிவர, அதைக்கொண்டே அவை அந்தக் கட்டியைக் கட்டி, அதில் இந்தப் பூஞ்சையைப் பயிர்செய்து உண்கின்றன. அந்தத் தோட்டத்திலிருந்துதான் மழைக்குப் பின் காளான் மேலே கிளம்புகிறது. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பார்கள். இடியோடு வரும் மழைக்கே அந்தப் பெருமை சேர வேண்டும் என்பது என் கட்சி. இந்தப் பேரினத்துக்கு 1942இல் டெர்மிட்டோமைசஸ் என்று பெயரிட்டவர் பிரெஞ்சு அறிவியலாளர் ரோஜர் ஹெய்ம். அவர் பெயரைத் தாங்கிய டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி என்ற இனத்தை 1979இல் விவரித்தவர் நம்மவரான கே. நடராஜன்.

ஆகவே, பெயர் கேட்டுப் படமெடுக்கும்போது கேமராவைத் தரையோடு இறக்குங்கள். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைக் குடைக்கு அடியில் சாய்த்துப் பிடித்தால், காளானைப் பிடுங்காமலே அதன் செவுள்கள், அதாவது குடையின் அடியில் உள்ள மெல்லிய மடிப்புகள், படத்தில் விழும். தண்டில் வளையம் இருக்கிறதா, அடி பருத்திருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். அளவுக்குப் பக்கத்தில் ஒரு நாணயம் போதும். பிளாஷ் வேண்டாம், அது வெள்ளைக் குடையை வெளிறச் செய்துவிடும்.

நேரம் முடிகிறதென்று சைகை வருகிறது; செவுள்களிலிருந்து உதிரும் வித்துத் தூளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். குடை ஒன்றைக் கொய்து, செவுள்கள் கீழே இருக்குமாறு வெள்ளைத்தாளில் வைத்துப் பாத்திரத்தால் மூடிவிட்டால், விடிந்ததும் தாளில் தூள் படிந்திருக்கும். புற்றுக்காளானின் தூளில் இளஞ்சிவப்புச் சாயல் தெரியும். புல்வெளியில் பெரிய வெண்குடையாக முளைக்கும் நச்சுக்காளான் ஒன்றின் தூளோ பச்சை. அதைத் தின்றவர்களுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஆதலால், படத்தை அனுப்பி, சமைக்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு நான் பதில் எழுதுவதில்லை. வணக்கம்.