பாம்பு தொடாத தேன் பணியாரம்

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, இந்த மழையிலும் அரங்கைத் திறந்து நாற்காலி போட்டுவைத்த நூலகர் அம்மா அவர்களே, எனக்குத் தமிழ் சொல்லித்தந்த ஐயா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பழைய கிரேக்கர்களின் இனிப்பைப் பற்றி மூன்று சேதி சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, தேன். இரண்டு, சாமிக்குப் படைத்த பணியாரம். மூன்று, அந்தத் தேனைத் தந்த தேனீ.

அவர்களிடம் சர்க்கரை கிடையாது. தேன், அத்திப்பழம், சுண்டக் காய்ச்சிய திராட்சைச் சாறு, அவ்வளவுதான். ஏதென்ஸ் பக்கத்து ஹைமெட்டஸ் மலைத்தேனுக்குத் தனிப் பெயர். ஆர்ட்டெமிஸ் தேவிக்குப் பௌர்ணமியில் படைக்கும் பணியாரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னத் தீபங்கள் ஏற்றுவார்கள். நம் மாவிளக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

படைத்ததெல்லாம் சாமிக்கே போய்ச் சேர்ந்ததா? தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா! அந்தக் காலத்து நகைச்சுவை நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸின் நாடகம் ஒன்றில், விளக்கணைந்த பிறகு பூசாரி பணியாரத்தையும் அத்திப்பழத்தையும் பைக்குள் போட்டுக்கொள்கிறார்.

சரி, கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த சேதி ஒன்றைக் கேளுங்கள். கி.மு. 480. பாரசீகப் படை ஏதென்ஸை நெருங்கிவிட்டது. ஊரைக் காலி செய்யச் சொல்கிறார்கள். பிறந்த ஊரை விட்டுப் போக யாருக்குக் கால் எழும்? குன்றின் மேல் ஊர்த்தேவி அதீனாவின் கோயிலில் காவலுக்கு ஒரு பெரிய பாம்பு இருப்பதாக நம்பிக்கை. மாதாமாதம் அதற்குத் தேன் பணியாரம் வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் தீர்ந்துபோகும். அந்த முறை வைத்தது வைத்தபடி இருந்தது. பூசாரி அம்மா வந்து சொன்னார். தேவியே கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று ஜனங்கள் நினைத்தார்கள். அப்புறம் என்ன, பெண்டு பிள்ளைகளோடு படகேறினார்கள். பாரசீகர்கள் வந்து கோயிலைக் கொளுத்தினார்கள். ஆனால் சலாமிஸ் கடலில் கிரேக்கர்கள் ஜெயித்தார்கள். ஒரு தேன் பணியாரம், ஐயா! ஒரு ஊரையே கிளப்பியிருக்கிறது.

அந்தத் தேனைத் தந்தது தேனீ. அதற்கும் சட்டம் செய்தார் ஏதென்ஸின் பழைய தலைவர் சோலோன்: ஒருவர் தேன்கூடு வைத்த இடத்திலிருந்து 300 அடி தள்ளித்தான் அடுத்தவர் வைக்க வேண்டும். நாமோ மாடி விளிம்பில் ஒரு கூடு தெரிந்தால் தீப்பந்தத்தோடு ஏறுகிறோம். போன மாதம் எங்கள் தெருவில் என் கண்ணால் பார்த்தேன். விடிந்தால் வாசல் முழுக்கக் கருகிய தேனீக்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்கட்டும், குற்றமில்லை. கூட்டையே ஏன் கொளுத்த வேண்டும்?

உறுப்பினர் அவர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். கொளுத்தாமல் கூட்டை எடுத்துப்போகத் தெரிந்த தேனீ வளர்ப்பவரின் போன் நம்பரை வார்டு அலுவலகப் பலகையில் எழுதிவையுங்கள். மற்றவர்கள், வாசலில் துளசி நாற்று வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று எடுத்துப்போங்கள். பூ விட்டால் கிள்ளிவிடாதீர்கள், தேனீ தேடி வரும்.