அடாவடிக்கு ஏன் இத்தனை கைதட்டல்?

[காட்சி: கறுப்புத் திரை. பெருங்கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்கிறது.]

ஒருவர் கையில் மைக்கோடு நிற்கிறார். மல்யுத்த வீரர்களைப் பேட்டி எடுப்பது அவருடைய வேலை. எதிரே அமெரிக்கத் தொலைக்காட்சி மல்யுத்தத்தின் நட்சத்திரம் தி ராக். "உன் பெயர் என்ன?" என்று ராக் கேட்கிறார். அவர் பதில் சொல்ல வாயைத் திறக்கிறார். முதல் எழுத்து வெளியே வருவதற்குள் ராக் உறுமுகிறார்: "உன் பெயர் எதுவாக இருந்தால் எனக்கென்ன!" அரங்கம் அதிர்கிறது. பேட்டி எடுக்க வந்தவரின் வாய் ஒரு நொடி திறந்தபடியே நின்று, பிறகு மெல்ல மூடுகிறது.

ராக் கதாநாயகன். அந்த மனிதர் எந்தத் தவறும் செய்யவில்லை. அப்படியிருந்தும் பல்லாயிரம் பேர் அந்த அவமானத்தைக் கொண்டாடுகிறார்கள். நானும் கொண்டாடினேன். ஏன் என்பதுதான் இந்த வீடியோ.

[காட்சி: குலசேகரம் பகுதி ரப்பர் தோட்டம். கொடியில் காயும் ஷீட்டுகள்.]

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். 1999இல் எங்கள் தெருவில் கேபிள் இணைப்பு இருந்தது ஓர் அத்தையின் வீட்டில் மட்டும்தான். வாசலில் ரப்பர் ஷீட் காயும் வாசனை. உள்ளே பத்துப் பன்னிரண்டு பையன்கள் தரையில் உட்கார்ந்திருப்போம். எங்களுக்குப் பின்னால், கதவோரம், பால்வெட்டுக்குப் போகும் மாமா ஒருவர் கட்டன் சாயாவோடு நிற்பார். கைவிரல்களில் ரப்பர் பால் காய்ந்து தோல்போல ஒட்டியிருக்கும். அதை உரித்துக்கொண்டே பார்ப்பார். ஆங்கிலம் தெரியாது. வீரர்களின் பெயரும் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "மக்களே, அந்த முதலாளிக்கு இன்றைக்கு அடி உண்டா?"

அவர் கேட்ட முதலாளி வின்ஸ் மக்மேன். அன்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்று அழைக்கப்பட்ட மல்யுத்த நிறுவனத்தின் அன்றைய நிஜ உரிமையாளர், திரையில் கொடுமைக்கார முதலாளியாக நடித்தவரும் அவரே. அவரை அடித்தவர் 'ஸ்டோன் கோல்ட்' ஸ்டீவ் ஆஸ்டின்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டிகளில் யார் வெல்வார் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டது. 1989இல் நியூஜெர்சி மாநிலத்தில், விளையாட்டுகளுக்கான அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கேட்டபோது, இது பொழுதுபோக்குத்தான் என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆனால் முடிவைத்தான் எழுதிவைக்க முடியும், கைதட்டலை எழுதிவைக்க முடியாது. நல்லவனாக வருபவரை 'பேபிஃபேஸ்' என்றும் கெட்டவனாக வருபவரை 'ஹீல்' என்றும் தொழிலில் சொல்வார்கள். அந்த இரண்டு பட்டங்களையும் கடைசியில் வழங்குவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

இதற்கு ராக்கே சாட்சி. 1996 நவம்பரில் ராக்கி மைவியா என்ற பெயரில் அவர் அறிமுகமானார். முகம் நிறையச் சிரிப்பு, தோளில் தொங்கும் வண்ண நாடாக்கள், பணிவான பேச்சு. இவர் நல்லவர், இவரை நேசியுங்கள் என்று நிறுவனம் தட்டில் வைத்து நீட்டியது. சில மாதங்களிலேயே "ராக்கி, செத்துப்போ" என்று அரங்கங்கள் கோஷமிட்டன. 1997இல் அவர் கெட்டவர்களின் கூட்டணியில் சேர்ந்து, தன்னை 'தி ராக்' என்று அழைத்துக்கொண்டு, எல்லாரையும் ஏளனம் செய்யத் தொடங்கினார். வெறுத்த கூட்டமே அவரைத் தலையில் தூக்கிவைத்தது. மேலிடம் கட்டளையிட்டு வரும் நல்லவனை ஜனங்களுக்குப் பிடிப்பதில்லை.

[காட்சி: 1997 மார்ச் 23, அந்த நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெசில்மேனியா 13. பிரெட் ஹார்ட்டும் ஆஸ்டினும்.]

இந்தச் சண்டையை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பிரெட் ஹார்ட் ஒழுங்கான கதாநாயகன். ஆஸ்டின் வாயாடி, வம்புக்காரர். கடைசியில் ஹார்ட் தன் 'ஷார்ப்ஷூட்டர்' பிடியில் ஆஸ்டினின் கால்களைப் பின்னி முறுக்குகிறார். ஆஸ்டினின் நெற்றியிலிருந்து வழியும் இரத்தம் பற்களுக்கிடையே ஓடுகிறது. தோல்வியை ஒப்புக்கொள்ள ஒரு சொல் போதும். அவர் சொல்லவில்லை. மயங்குகிறார், நடுவர் ஆட்டத்தை முடிக்கிறார். வென்ற பிறகும் ஹார்ட், கீழே கிடப்பவரை விடாமல் தாக்குகிறார். அந்த ஓர் இரவில் இருவரும் இடம் மாறினார்கள். ஆஸ்டின் திருந்தவே இல்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, ஒரு நற்செயலும் செய்யவில்லை. பணிய மறுத்தார், அவ்வளவுதான். கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

இதைவிட வியப்பானது அதே ஆண்டு நடந்தது. ஹார்ட் அமெரிக்க ரசிகர்களைத் திட்டத் தொடங்கினார். அமெரிக்காவில் அவர் பெரும் வில்லன் ஆனார். ஜூலை 6ஆம் தேதி நிகழ்ச்சி கனடாவில், அவருடைய சொந்த ஊரான கால்கரியில் நடந்தது. அங்கே ஹார்ட்டுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் கூரை பெயரும் வரவேற்பு. அமெரிக்கா கொண்டாடிய ஆஸ்டினுக்கு வசை. அதே மனிதர்கள், அதே செயல்கள். மாறியது எல்லைக்கோடு மட்டும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தூத்தூர்ப் பக்கம் கடற்கரை மைதானத்தில் கால்பந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் ஊர்ப் பையன் தோளால் இடித்தால் அது ஆட்டத்தின் வேகம். எதிர் ஊர்ப் பையன் அதே இடியை இடித்தால், "நடுவருக்குக் கண் இல்லையா?"

ஊடக உளவியலாளர் டால்ஃப் சில்மன் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். கதை பார்க்கும் நாம் ஓயாத நீதிபதிகள். ஒவ்வொரு செயலையும் எடைபோட்டு, நல்லவனை நேசிக்கிறோம், கெட்டவன் அடிவாங்கும்போது மகிழ்கிறோம் என்பது அதன் சாரம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 2004இல் ஆர்தர் ரேனி என்ற ஆய்வாளர் அதற்கு ஒரு திருத்தம் சொன்னார். பல நேரங்களில் பிடித்துப்போவது முதலில் நடக்கிறது, தீர்ப்பு அதன் பின்னால் வருகிறது. ஒருவனை நம் ஆளாக ஏற்றுக்கொண்ட பிறகு, அவன் எதைச் செய்தாலும் அதற்கு நியாயம் தேடிக்கொடுப்பது நம் வேலையாகிவிடுகிறது. மல்யுத்தத்தைப் பொறுத்தவரை நான் ரேனியின் பக்கம்.

ஆனால் ஒருவன் எப்படி நம் ஆளாகிறான்?

[காட்சி: ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தல். காற்றாலைகள், இசக்கியம்மன் கோயில்.]

முப்பந்தல் வழியாக பஸ்ஸில் போகும்போது இசக்கியம்மன் கோயிலைக் கும்பிடாதவர் குறைவு. கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாக இசக்கி கதை பாடுவார்கள். நகைக்காக ஏமாற்றிக் கொல்லப்பட்ட ஒரு பெண், உக்கிரமாகத் திரும்பி வந்து பழிதீர்க்கும் கதை. கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்தப் பழி அளவுக்கு மீறியது என்று யாருக்கும் தோன்றாது. ஏனென்றால் புலவர் அவளுக்கு நடந்த அநியாயத்தை முதலில் பாடிவிடுகிறார். நகையைக் கழற்றும்போது அவள் என்ன நினைத்தாள் என்பதுவரை பாடுகிறார். குடத்தில் விழும் ஒவ்வொரு அடியும் நம் நெஞ்சில் விழுந்த பிறகுதான் பழிவாங்கும் படலம் தொடங்குகிறது. அப்போது அவள் எதைச் செய்தாலும் நமக்குச் சம்மதம்.

மல்யுத்தமும் இந்த வரிசையில்தான் இயங்குகிறது. ஆனால் அது ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தது. அநியாயத்தை மேடையில் முழுதாகக் காட்டத் தேவையில்லை; பார்ப்பவர்கள் வீட்டிலிருந்தே அதைக் கொண்டு வருவார்கள்.

1997 செப்டம்பர் 22, நியூயார்க். ஆஸ்டினின் கழுத்தில் உண்மையாகவே பலத்த காயம். மக்மேன் வளையத்துக்குள் வந்து, உன் உடல்நலத்துக்காகத்தான் சொல்கிறேன், இப்போது சண்டையிடாதே என்கிறார். சொல்லப்போனால் நல்ல வார்த்தை. ஆஸ்டின் அவர் வயிற்றில் உதைத்து, கழுத்தைப் பிடித்து 'ஸ்டன்னர்' போடுகிறார். அரங்கம் வெடிக்கிறது. மக்மேன் அந்த நிமிடத்தில் செய்த கொடுமை என்ன? எதுவுமில்லை. "உன் நன்மைக்குத்தான்" என்று முதலாளி பேசும் குரலை அங்கிருந்த ஒவ்வொருவரும் தங்கள் வேலையிடத்தில் கேட்டிருந்தார்கள். அடி அந்தக் குரலுக்கு விழுந்தது.

எங்கள் பால்வெட்டு மாமாவும் அப்படித்தான். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக வெட்டி, பகலில் பால் அளவு குறைந்தது என்று ஏச்சுக் கேட்டுவிட்டு வருவார். அவர் வாய்திறந்து யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. மக்மேன் விழும்போது மட்டும் ஒரு சத்தம் போடுவார். சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே போவது போலிருக்கும்.

அந்த மூச்சை நான் குறைசொல்ல மாட்டேன். எனக்கு அதில் எந்த வெட்கமும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒருமுறை கொடுத்த அனுமதி திரும்பி வருவதில்லை. 1998 அக்டோபரில் காயம்பட்ட மக்மேன் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறார். ஆஸ்டின் மருத்துவர் வேடத்தில் நுழைந்து அவரை அடிக்கிறார். இரண்டு வாரம் கழித்து, சக்கர நாற்காலியில் இருப்பவரின் தலையில் துப்பாக்கியை வைக்கிறார். விசையை இழுத்தால் அது பொம்மைத் துப்பாக்கி. ஒரு சிறு கொடி வெளியே வருகிறது. அதற்குள் மக்மேனின் கால்சட்டை நனைந்துவிட்டது. இதைச் செய்தவர் வில்லனாக இருந்திருந்தால் நாம் பதறியிருப்போம். செய்தவர் ஆஸ்டின். அத்தை வீட்டில் நாங்கள் தரையில் உருண்டு சிரித்தோம்.

அங்கேயாவது கீழே கிடந்தவர் முதலாளி. 2009க்கு வாருங்கள். விக்கி கெரேரோ திரையில் அதிகாரியாக வருகிறார், பொல்லாத அதிகாரிதான். அவரை எதிர்ப்பவர் குழந்தைகளின் கதாநாயகன் ஜான் சீனா. ஆனால் சீனா அதிகாரியின் அநீதியைப் பேசுவதோடு நிற்கவில்லை, அந்தப் பெண்ணின் உடல் பருமனையும் கேலி செய்தார். கூட்டம் அதற்கும் சிரித்தது. அதிகாரத்தை ஏசுவதற்காகக் கொடுத்த அனுமதிச் சீட்டில் ஒரு பெண்ணின் உடலை ஏசிவிட்டார்கள், வாசலில் யாரும் சீட்டைச் சரிபார்க்கவில்லை. 2011இல் அதே நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளிடையே நடக்கும் கொடுமைப்படுத்தலுக்கு எதிராக ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் பிள்ளைகள் அறிவுரையைப் பார்த்துக் கற்பதில்லை, கைதட்டல் எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் கற்கிறார்கள்.

என் அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. மார்த்தாண்டத்தில் இருக்கிறான். அவனுக்கு ரோமன் ரெய்ன்ஸ் என்றால் உயிர். 2020இல் 'ஹெல் இன் எ செல்' கூண்டுக்குள் ரெய்ன்ஸ் தன் உறவினர் ஜே ஊசோவை அடித்து நொறுக்கிய சண்டையை அவன் கைபேசியில் சேர்ந்து பார்த்தோம். "விட்டுவிடுகிறேன்" என்று ஜே சொல்ல வேண்டும். எவ்வளவு அடித்தும் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்ற ஓடிவந்த இரட்டைச் சகோதரன் ஜிம்மியின் கழுத்தை ரெய்ன்ஸ் நெரிக்கிறார். அதன் பிறகுதான் ஜே அந்தச் சொல்லைச் சொல்கிறார்.

"மக்களே, சொந்தக்காரனையே இப்படிச் செய்கிறானே, உனக்குக் கோபம் வரவில்லையா?" என்று கேட்டேன்.

"மாமா, ஜிம்மிக்கு வலிக்குமே என்றுதான் ஜே விட்டுக்கொடுத்தார்" என்றான். சற்று யோசித்துவிட்டு, "ஆனாலும் ரெய்ன்ஸ் பேசும்போது எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்கிறார்கள் மாமா. வகுப்பில் நான் பேசினால் யாரும் கேட்பதில்லை" என்றான்.

நான் படித்துத் தெரிந்துகொண்ட எல்லாவற்றையும்விட இந்தப் பதில் நெருக்கமானது.

[காட்சி: செம்மண் மைதானம். யாரும் இல்லை.]

எங்கள் வகுப்பில் திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருந்தான். பெயர் சொல்லவே அவனுக்கு நேரமாகும். முதல் எழுத்து நாக்கில் மாட்டிக்கொள்ளும். ராக்கின் பேட்டிகளைப் பார்த்த பிறகு இடைவேளை தோறும் நாங்கள் அவனைச் சூழ்ந்துகொள்வோம். "மக்கா, உன் பெயர் என்ன?" அவன் உதட்டைக் குவிப்பான். கழுத்து நரம்பு புடைக்கும். பாதி எழுத்து வருவதற்குள் ஐந்தாறு பேர் ஒரே குரலில் கத்துவோம்: "எதுவாக இருந்தால் எனக்கென்ன!" நானும் கத்தியிருக்கிறேன். ஒரு முறையல்ல.

அவன் மாலையில் அத்தை வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்து, ராக் வாயைத் திறந்ததும் எங்களைவிட உரக்கக் கத்தியவன் அவன்தான். எனக்கு அது அப்போது புரியவில்லை.

ஒருநாள் மைதானத்து மண்மேட்டில் அவன் ஏறி நின்றான். ஒற்றைப் புருவத்தை உயர்த்தினான். ராக்கின் வசனத்தை, எங்களுக்கு அரைகுறையாகப் புரிந்த அந்த ஆங்கிலத்தை, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை ஒரே மூச்சில் சொன்னான். ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை. திக்குபவர்கள் பலருக்குப் பாடும்போதும் இன்னொருவர் குரலில் நடிக்கும்போதும் நாக்குத் தடைபடுவதில்லை என்று பெரியவனான பிறகுதான் படித்தேன். அன்று எங்களுக்கு அது அற்புதமாக இருந்தது. கைவலிக்கத் தட்டினோம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினோம்.

மறுநாள் இடைவேளையில், தண்ணீர்க் குழாயருகே ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் நிறுத்தினான். புருவத்தை உயர்த்தி, "உன் பெயர் என்ன?" என்று கேட்டான். திக்காமல் கேட்டான். அந்தச் சின்னப் பையன், பெரிய அண்ணன் ஒருவர் தன் பெயரைக் கேட்கிறாரே என்ற மகிழ்ச்சியில் நிமிர்ந்து பார்த்து, பதில் சொல்ல வாயைத் திறந்தான்.