பஸ்காவுக்கு முந்தைய முப்பது நாட்கள்

அவையோருக்கு வணக்கம்.

யூதர்களின் பஸ்கா என்றதும் ஒரு வீட்டு மேசைதான் நம் கண்ணில் வரும். நிசான் மாதம் பிறந்து பதினைந்தாம் இரவு. குடும்பமே கூடி உட்கார்ந்து, எகிப்தில் அடிமைப்பட்டு விடுதலையான கதையைச் சொல்லி, புளிப்பில்லா அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடும் இரவு அது. கதைக்கு முன்னால், அந்த அப்பத்தைக் காட்டி அரமேய மொழியில் ஓர் அழைப்பு விடுப்பார்கள். பசித்தவர் எவரும் வந்து உண்ணலாம் என்று.

நல்ல வார்த்தைதான். ஆனால் இரவாகிவிட்டது, எல்லாரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள். அது எந்தப் பசித்தவன் காதில் விழும்?

அதற்குப் பதில் சொல்வது வீடு அல்ல, சபை. பஸ்காவின் சட்டங்களை முப்பது நாளுக்கு முன்பே கேட்டு விளக்க வேண்டும் என்கிறது யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்மூத். பண்டிகைக்கு முந்தைய ஓய்வுநாளுக்குப் ‘பெரிய ஓய்வுநாள்’ என்று பெயர். அன்று யூத மதகுருவான ரபி நீண்ட உரை ஆற்றுவார். பழைய கிழக்கு ஐரோப்பிய ஊர்களில் பல ரபிகள் வருடத்தில் இரண்டே தடவைதான் இப்படிப் பேசினார்கள். என்னைப்போல் கிடைத்த மேடையில் எல்லாம் ஏறியவர்கள் அல்லர்!

பேச்சு கிடக்கட்டும், பணத்துக்கு வருவோம். மிகவும் ஏழையான யூதனும் அன்றிரவு சுதந்திர மனிதனைப்போல் சாய்ந்து அமர்ந்தே உண்ண வேண்டும், தருமச் சட்டியிலிருந்து எடுத்தாவது அவனுக்கு நான்கு கிண்ணம் ஒயின் தர வேண்டும் என்று தால்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்ட நூல் விதிக்கிறது. இதற்காக ஊர்தோறும் ‘கோதுமைப் பணம்’ வசூலித்தார்கள். எருசலேம் தால்மூத் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது: ஓர் ஊரில் பன்னிரண்டு மாதம் குடியிருந்தவன் இந்த நிதிக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன், வசதி இல்லாதவனாக இருந்தால், அதிலிருந்து வாங்க உரிமையுள்ளவன். 16-ஆம் நூற்றாண்டில் கிராக்கோவின் ரபி மோசே இசர்லெஸ், யூதச் சட்டத் தொகுப்பில் பஸ்கா சட்டங்களின் முதல் பிரிவிலேயே இந்த வழக்கத்தைச் சேர்த்தார். வீட்டைத் துடைப்பது, புளித்த மாவைத் தேடி எரிப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடீஸ் இன்னும் கடுமை. கதவைப் பூட்டிக்கொண்டு தன் குடும்பத்தோடு மட்டும் உண்டு குடிப்பவனுடையது பண்டிகை மகிழ்ச்சியே அல்ல, அது வயிற்றின் மகிழ்ச்சி என்கிறார்.

இந்த ஏழைகளை முன்வைத்து 19-ஆம் நூற்றாண்டில் பெரிய சண்டையே நடந்தது. மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் அப்பம் வெந்தாக வேண்டும், இல்லையென்றால் புளித்ததாகக் கணக்கு. அதனால் பிசைய, தேய்க்க, சுடப் பல கைகள் தேவை. 1838-இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் இதற்கு ஓர் இயந்திரம் வந்தது. 1859-இல், அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்த கலீசியாவின் ப்ரோடி ஊர் ரபி சாலமன் க்ளூகர் அதைத் தடுக்கச் சொன்னார். இடுக்கில் ஒட்டும் மாவு புளிக்கும் என்பது ஒரு காரணம். மற்றொன்றுதான் எனக்கு முக்கியம்: அப்பம் தட்டிக் கிடைக்கும் கூலியை நம்பித்தானே ஏழைகள் பண்டிகைச் செலவைப் பார்க்கிறார்கள் என்று கேட்டார். அதே கலீசியாவின் லெம்பர்க் நகர ரபி யோசேப் சவுல் நாதன்சன் இயந்திரம் கூடும் என்றார். கடைசியில் நாதன்சன் பக்கமே உலகம் சாய்ந்தது. 1888-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மானிஷெவிட்ஸ் ஆலை எழுந்தது. இன்று கையால் செய்த அப்பம்தான் விலை அதிகம். ஆனால் க்ளூகர் கேட்டதை வெறும் பழமைவாதம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

சரி, இப்போது என்ன நடக்கிறது? பல தொழுகைக் கூடங்களில் மாணவர், தனியாக வாழும் முதியவர், வழிப்போக்கர் என்று எல்லாருக்கும் பொது மேசை போடுகிறார்கள். நேபாளத்தின் காத்மாண்டுவில் 1989 முதல் சபாத் என்ற யூத மத இயக்கத்தார் நடத்தும் பஸ்கா விருந்துக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்ததுண்டு. பெரும்பாலும் முதுகுப்பையோடு மலையேற வந்த இஸ்ரேல் இளைஞர்கள். பன்னிரண்டு மாதக் கணக்குப்படி பார்த்தால் அங்கே ஒரு துண்டு அப்பத்துக்குக்கூட அவர்களுக்கு உரிமை கிடையாது.