கண்வலி (செங்காந்தள்), சம்பங்கி, மழை லில்லி: கிழங்கை எப்போது எடுத்து எப்போது நடுவது?

வணக்கமுங்க. சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன். "அக்கா, மூணு வருசமா கண்வலி, சம்பங்கி, மழை லில்லி மூணையும் மாடியில தொட்டியில வெச்சிருக்கறேனுங்க. முதல் வருசம் ஐப்பசியில அத்தனை பூ. போன வருசம் நாலே நாலு. இந்த வருசம் கண்வலி ரெண்டு தொட்டியிலதான் முளைச்சுதுங்க. தினமும் தண்ணி ஊத்தறேன், உரமும் போடறேன். கிழங்கைத் தோண்டி மாத்தி நடலாமுங்களா? எந்த மாசம் நடறதுங்க? பொடிக் கிழங்கையெல்லாம் என்ன பண்றதுங்க?"

நடலாம் கண்ணு, நட்டே ஆக வேண்டும். ஆனால் உங்கள் கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. "தினமும் தண்ணி ஊத்தறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு. கிழங்குச் செடிக்கு ஒரு தூக்கம் உண்டு. இலை பழுத்துக் காய்ந்த நாளிலிருந்து அடுத்த முளை வரும் வரைக்கும் அது தூங்குகிறது. அப்போது வேரும் இல்லை, இலையும் இல்லை. நாம் ஊற்றுகிற தண்ணீரை எடுத்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை. அந்த ஈரம் முழுக்கக் கிழங்கின் மேலேயே நிற்கும், கிழங்கு அழுகும். முதல் வருசம் நான் இதே தப்பைத்தான் செய்தேன். மற்ற செடிகளுக்கு ஓடிய சொட்டுநீர்க் குழாயை இந்த வரிசைக்கு மட்டும் அடைக்காமல் விட்டுவிட்டேன். வைகாசியில் தோண்டிப் பார்த்தால் பதினெட்டுக் கிழங்கில் பதினொன்று கூழாகிவிட்டது. தொட்டால் விரலில் ஒட்டுகிறது, அந்த நாற்றம் கை கழுவியும் போகவில்லை. அன்றைக்கு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

முதலில் கண்வலியைப் பார்ப்போம். செங்காந்தள், கார்த்திகைப் பூ, கலப்பைக் கிழங்கு எல்லாம் இதுதான், நம் மாநிலப் பூ. நம் மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகவே காடு காடாகப் போடுகிறார்கள்.

கலப்பைக் கிழங்கு என்ற பெயர் ஏன் வந்தது என்று தோண்டும்போது பார்த்தால் தெரியும். இரண்டு கை விரித்த மாதிரி, கலப்பையின் வளைவு போல இருக்கும். பக்கத்திலேயே சுருங்கிப்போன பழுப்புத் தோல் ஒன்று கிடக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதுதான் போன வருசம் நீங்கள் நட்ட கிழங்கு. இந்தச் செடி வருசா வருசம் பழைய கிழங்கைத் தின்று தீர்த்துவிட்டுப் புதுக் கிழங்கு கட்டுகிறது. பூத்து முடிந்த பிறகும் இலை பச்சையாக நிற்கிறதே, அந்த நாட்களில்தான் புதுக் கிழங்கு பருக்கும். பூ முடிந்துவிட்டது, கொடி அசிங்கமாக இருக்கிறது என்று கார்த்திகையிலேயே வெட்டிவிட்டால் அடுத்த வருசப் பூவை வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். கொடி தானாகப் பழுத்து, இழுத்தால் கையோடு வருகிற வரைக்கும் தொடாதீர்கள்.

இப்போது தை மாதம். உங்கள் கொடி இதற்குள் காய்ந்திருக்கும். இன்றோடு தண்ணீரை நிறுத்துங்கள். பத்துப் பதினைந்து நாள் மண் காயட்டும், அப்புறம் தொட்டியைச் சாய்த்துக் கவிழ்த்து, மண்ணைக் கையால் உதிர்த்து எடுங்கள். களைக்கொத்து வேண்டவே வேண்டாம். ஏன் என்றால் கிழங்கின் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக் கண் இருக்கிறது. உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் கிடையாது. கிழங்கு வெள்ளரிப் பிஞ்சு மாதிரி பட்டென்று ஒடியும். நுனி ஒடிந்தால் மீதிக் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை நட்டுப் பயனில்லை. ஒரு தடவை வெளியூரிலிருந்து கிழங்கு வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் பாதிக்கு மேல் நுனி ஒடிந்து கிடந்தது. முளைத்தது மூன்றே மூன்று. அதனால் வாங்கும்போது முதலில் நுனியைப் பாருங்கள்.

இரண்டு கையும் நன்றாகப் பருத்திருந்தால் நடுவில் சேரும் இடத்தில் பிரித்து இரண்டு செடியாக நடலாம். ஒவ்வொன்றும் 50, 60 கிராமாவது இருந்தால் அந்த வருசமே பூக்கும்.

எடுத்ததை எப்படி வைப்பது? நம் பொங்கலூர், பல்லடம் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பட்டறை போடுகிறார்கள் இல்லையா? அடியிலும் பக்கத்திலும் காற்றுப் போக வேண்டும், மேலே மழை படக் கூடாது. அதே கணக்குத்தான் இதற்கும். கழுவாமல் நிழலில் நாலைந்து நாள் உலர்த்தி, மண்சட்டியில் காய்ந்த மணலைப் போட்டு அதற்குள் வைத்து அட்டாலியில், அதாவது பரணில், ஏற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் வேர்த்து அழுகிவிடும்.

இங்கே ஒன்று அழுத்திச் சொல்கிறேன். கண்வலிக் கிழங்கு கொடிய விஷம். கிழங்கு, விதை, இலை எல்லாவற்றிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. சக்கரவள்ளி என்று நினைத்துத் தின்று உயிரையே விட்டவர்கள் உண்டு. சமையல் கிழங்கு வைக்கிற இடத்தில் வைக்காதீர்கள், சட்டி மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள், பிள்ளைகள் கைக்கும் ஆட்டுக்குட்டி வாய்க்கும் எட்டாமல் வையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. வாந்தியும் பேதியும் சில மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

திரும்ப நடுவது ஆனி கடைசியிலோ ஆடி முதலிலோ. அடுத்த ஐப்பசி, கார்த்திகைக்குப் பூ வந்துவிடும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. கிழங்கைப் படுக்க வைத்து, நுனி லேசாக மேலே பார்க்கிற மாதிரி, இரண்டரை அங்குல ஆழத்தில் வையுங்கள். ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கப்புறம் முளை தெரியும் வரைக்கும் மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும்.

நம் ஊரில் இன்னொரு தொந்தரவு காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசுகிற காற்றில் இளங்கொழுந்து ஒடிந்துவிடும். முளை வரும் முன்னாலேயே குச்சி நட்டுவிடுங்கள். தடிமனான மூங்கிலையோ பிளாஸ்டிக் குழாயையோ இது பிடிக்காது. இலை நுனியே சுருண்டு சின்னக் கொக்கி மாதிரி ஆகி அதனால்தான் ஏறுகிறது. அந்தக் கொக்கி சுற்றிக்கொள்ள நூல், கம்பி, சுள்ளி மாதிரி மெல்லியதாக ஏதாவது வேண்டும். காட்டில் கிளுவை வேலியில் இது எவ்வளவு சந்தோசமாக ஏறிப் பூத்திருக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். நான் தொட்டியிலும் கிளுவைக் குச்சி மூன்றைத்தான் ஊன்றுகிறேன். பச்சைக் குச்சி வேர் பிடித்துத் துளிர்த்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது, மாற்றி நடும்போது எடுத்துவிடலாம்.

இலையில் கறுப்பு உடம்பில் சிவப்பும் வெள்ளையும் புள்ளி வைத்த புழு வந்தால் காலையில் கையால் பொறுக்கிவிடுங்கள். ஒரு வாரம் பார்க்காமல் விட்டால் தண்டு மட்டும்தான் நிற்கும்.

அடுத்தது சம்பங்கி. சத்தியமங்கலம் பக்கம் இதைத் தோட்டம் தோட்டமாக வைத்திருப்பவர்களைக் கேட்டால் ஒரே வரியில் சொல்வார்கள், மூன்று வருசத்துக்கு மேல் ஒரே இடத்தில் விடக் கூடாது. ஒரு கிழங்கு ஒரே ஒரு தடவைதான் பூத்தண்டு விடும். அப்புறம் அதைச் சுற்றிக் குட்டிகள் வரும், அடுத்தடுத்துப் பூப்பது அந்தக் குட்டிகள்தான். உங்கள் தொட்டியில் மூன்று வருசக் குட்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு, எதுவும் பருக்க இடமில்லாமல் இருக்கும். மாசியில் தண்ணீரை நிறுத்தி, இலை வாடியதும் எடுத்துப் பிரியுங்கள். ஒரு மாசமாவது நிழலில் ஆற வைத்து, ஆனியில் நடுங்கள். பெருநெல்லி அளவுக்கு இருப்பது இந்த வருசமே பூக்கும். கிழங்கு நன்றாக இருந்தும் வேரில் முண்டு முண்டாக இருந்தால் அது நூற்புழு, மண்ணில் இருந்து வேரைத் தாக்குகிற பொடிப் புழு. அந்த மண்ணைத் திரும்பச் சம்பங்கிக்குப் பயன்படுத்தாதீர்கள், அந்தத் தொட்டியில் செண்டுமல்லி வையுங்கள்.

மழை லில்லிக்கு இவ்வளவு பாடு இல்லை. அதை எடுத்துக் காய வைக்கவே வேண்டாம். நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கும். தொட்டி வெடிக்கிற மாதிரி ஆனால் மட்டும் பிரித்து, அன்றைக்கே நட்டுவிடுங்கள், கழுத்து மண் மட்டத்துக்கு இருக்கட்டும். இரண்டு மூன்று வாரம் நன்றாகக் காயவிட்டு ஒரே நாளில் முழுக்க நனைத்தால், மழை பெய்தது என்று நினைத்துச் சில நாளில் மொட்டு விடும். தினமும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினால் இலைதான் வரும்.

அதனால் இந்த மூன்றையும் ஒரே குழாயில் வைக்காதீர்கள். கண்வலியும் சம்பங்கியும் காய வேண்டிய மாசத்தில் மழை லில்லிக்கு அவ்வப்போது தண்ணீர் தேவைப்படும்.

கடைசியாக, பொடிக் கிழங்குகளை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எறிந்துவிடாதீர்கள். சின்ன வெங்காயம் அளவு சம்பங்கிக் குட்டியும் விரல் தடிமன் கண்வலியும் தனியாக ஒரு அகலமான தொட்டியில், நாலு அங்குலத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். இந்த வருசம் இலை மட்டும் வரும். அதையும் பழுக்கும் வரை வெட்டாமல் விட்டு, அடுத்த தையில் கவிழ்த்து எடை போட்டுப் பாருங்கள்.