காவலுக்கு வந்தவர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தூரதேசத்தைப் பிடிப்பது ஒரு பாடு என்றால், பிடித்ததை வைத்துக்கொள்வது பெரும்பாடு. இதற்கு உதாரணம் தேடி ரோமாபுரி வரை போக வேண்டியதில்லை, நம்ம மதுரையே போதும். காவலுக்கு அனுப்பிய ஆளே ஊரை எடுத்துக்கொண்ட கதை இங்கே ஒரு முறையல்ல, மூன்று முறை நடந்திருக்கிறது.

1311-இல் தில்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர் வந்தார், வாரிக்கொண்டு போனார். கொள்ளைக்கு வந்தவருக்கு ஆளுகிற தலைவலி கிடையாது. 1323-இல் தில்லியிலிருந்து வந்த துக்ளக் படைதான் இங்கேயே தங்கி, இந்தப் பக்கத்தை ‘மாபார்’ என்ற மாகாணமாக்கியது.

தில்லிக்குச் செய்தி போவதில் குறையில்லை. மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா அந்த அஞ்சலை விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு மைலுக்கு மூன்று இடத்தில் ஓட்டக்காரர்கள் இடுப்பை வரிந்து கட்டிக்கொண்டு தயாராக இருப்பார்கள். ஒரு கையில் கடிதம், மறு கையில் நுனியில் செப்பு மணி கட்டிய கோல். மணிச்சத்தம் கேட்டதும் அடுத்தவன் எழுந்து நிற்பான். சிந்துவிலிருந்து தில்லிக்கு 50 நாள் பயணம். கடிதம் 5 நாளில் போய்விடுமாம். மாபாருக்கோ தில்லியிலிருந்து ஆறு மாதப் பயணம் என்கிறார். கடிதம் ஓடிவிடும் சார், படை ஓடுமா? யானை, குதிரை, தீனி, தானியம் எல்லாம் கூட நடந்து வர வேண்டும்.

இந்தக் கணக்கு மதுரையில் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்சனுக்கும் தெரிந்திருக்கும். 1330களின் நடுவில் தன் பெயரிலேயே காசு அடித்துச் சுல்தானாகிவிட்டார். தில்லி சுல்தான் முகமது பின் துக்ளக் தாமே படையோடு கிளம்பினார். வாரங்கல் வந்ததும் படையில் கொள்ளைநோய், சுல்தானும் படுத்துவிட்டார். வந்த வழியே திரும்பினார்கள். வழியில் பீட் என்ற ஊருக்குப் பக்கத்தில் சுல்தானுக்கு ஒரு பல் விழ, அதை அடக்கம் செய்து மேலே கல்லறையும் கட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. மதுரைக்கென்று கிளம்பிய படையெடுப்பில் மிஞ்சியது அந்தப் பல்தான்!

இரண்டாவது முறை விஜயநகரம். பாண்டியனுக்கு உதவி செய்ய அனுப்பப்பட்ட நாகம நாயக்கர், மதுரையைத் தானே வைத்துக்கொண்டார். அவரை அடக்கக் கிருஷ்ணதேவராயர் சபையில் முன்வந்தது நாகமரின் சொந்த மகன் விசுவநாதர் என்று நாயக்கர் கால வரலாறுகள் சொல்கின்றன. கதை எவ்வளவு மெய்யோ, 1529 வாக்கில் ஊர் விசுவநாதர் பொறுப்பில் வந்தது. அவரும் அரியநாத முதலியாரும் 72 பாளையங்கள் வகுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு வரி நாயக்கருக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, மிச்சம் பாளையக்காரருக்கு.

விஷயத்தின் முடிச்சே இங்கேதான். தலைநகரிலிருந்து மாதாமாதம் சம்பளம் அனுப்ப முடியாது. அதனால் உள்ளூர் வரியிலேயே படையை வளர்த்துக்கொள் என்று விட்டுவிடுகிறார்கள். வரியும் படையும் ஒரே கையில் இருந்தால், ராயரைக் கேட்டுக்கொண்டா இருப்பார்கள்? அப்பன் செய்ததைச் செய்யாத விசுவநாதரின் வம்சத்திலேயே, திருமலை நாயக்கர் காலத்தில் விஜயநகரத்துக்குக் கட்டிவந்த கப்பம் நின்றது.

மூன்றாவது ஆளை உங்களுக்கு நன்றாகத் தெரியும். கான்சாமேட்டுத் தெருவுக்குப் பெயர் தந்த கான் சாகிபு, யூசுப் கான். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினியில் சிப்பாய்ப் படைத் தளபதி. 1759-இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய்க்கு அவரிடமே குத்தகைக்கு வந்தன. அதே முடிச்சு! 1763-இல் ஆற்காட்டு நவாபுக்கும் கும்பினிக்கும் எதிராக நின்றார். அந்த ஆண்டு முற்றுகை மழையில் கலைந்தது. மறு ஆண்டு ஜூனில் கோட்டை மீது பாய்ந்த படை அடிபட்டுத் திரும்பியது. கடைசியில் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கு. சம்மட்டிபுரத்தில் அவர் தர்கா இருக்கிறது. தாங்களே வளர்த்த தளபதியைப் பிடிக்கக் கும்பினியார் பட்ட பாடு, பாளையக்காரரை அடக்கப் பட்டதைவிடக் குறைச்சல் என்று நான் நினைக்கவில்லை.

1801-இல் நவாபிடமிருந்து சீமை முழுக்க வாங்கிய பிறகு, கும்பினி வரியை ஒருவரிடமும் படையை இன்னொருவரிடமும் வைத்தது. கலெக்டர் வசூலிப்பார், அவரிடம் பட்டாளம் கிடையாது. பட்டாளத்துக்குத் தளபதி உண்டு, அவர் வரியில் கை வைக்க முடியாது. அப்புறம் வந்த பிளாக்பர்ன் என்ற கலெக்டர் கோட்டைச் சுவரையே இடித்து அகழியைத் தூர்த்தார். வெளிவீதிகள் அங்கே வந்தவைதான். கான் சாகிபு அந்தச் சுவரில் ஒரு கல்லைத் தொட விட்டிருப்பாரா?