ஆளே மாறிட்டாரு

நேயர்களுக்கு வணக்கம். மூளையைப் பற்றி ஒரு பத்து நிமிடம் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. தண்டையார்பேட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுத்தவன். கலர் சாக்பீஸில் மூளைப் படம் வரைந்து, பாகம் குறித்து, ‘ஐந்து மதிப்பெண் கேள்விப்பா இது’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். எங்கள் நைனாவுக்கு மறதி நோய் வந்த பிறகுதான் அந்தப் படத்துக்குள் ஓர் ஆள் குடியிருக்கிறார் என்பது உறைத்தது.

நைனா துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். வேலை முடிந்தால் ராயபுரத்தில் எங்கள் தெருமுனை கேரம் மன்றம். வடசென்னையில் கேரம் எப்படி என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குண்டு பல்பைப் போர்டுக்கு நேராக இறக்கிக் கட்டி, பவுடரைத் தூவினார்கள் என்றால் ராத்திரி சோறு மறந்துவிடும். எழுபத்து மூன்று வயதில் அவருக்கு மறதி ஆரம்பித்தது. ரேஷன் கடைக்குக் கிளம்பியவர் கல்மண்டபத்தில் நின்றுகொண்டு, வீட்டுக்கு வழி எது என்று ஆட்டோக்காரரிடம் கேட்டிருக்கிறார். அப்புறம் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. என்னை ‘சார்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். வாத்தியார் என்பது மட்டும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது போல.

அந்த நிலையில் ஒருநாள் மன்றத்துப் பையன்கள் அவரைப் போர்டு முன்னால் உட்கார வைத்தார்கள். ஸ்ட்ரைக்கரைக் கையில் வாங்கினார், கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தார், ரெட் காயைப் போட்டு ஃபாலோவும் போட்டுவிட்டார். மறுநாள் கேட்டால், “நானா? கேரமா? எனக்கு அதெல்லாம் தெரியாது சார்” என்கிறார்.

இதை நான் பாடத்தில் நடத்தியிருக்க வேண்டும், நடத்தவில்லை. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இருபத்தேழு வயது இளைஞருக்கு வலிப்பு நோய் தீர மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டு காதுப் பக்கமும் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். ஹிப்போகாம்பஸ் என்றால் கடற்குதிரை. காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டாம், வலையில் சிக்கிப் பார்த்திருப்பார்கள், வடிவம் அதேதான். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பழைய நாட்கள் இருந்தன, புத்தியும் இருந்தது, புதிதாக எதுவும் ஏறவில்லை.

பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு அதன் கோட்டைத் தொடர்ந்து வரையச் சொன்னார். செய்து பாருங்கள், கை எதிர்ப்பக்கம் ஓடும். ஹென்றியின் கை நாளுக்கு நாள் தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் நாள்தான், இதற்கு முன் இப்படி வரைந்ததே இல்லை என்பார். சம்பவங்களைச் சேர்க்கும் வழி வேறு, கைப்பழக்கத்தைச் சேர்க்கும் வழி வேறு என்று உலகத்துக்குத் தெரிந்தது இப்படித்தான். கைப்பழக்கம் சிறுமூளையையும், மூளையின் ஆழத்தில் இருக்கும் வேறு சில கணுக்களையும் நம்பி நிற்கிறது. நைனாவின் நோய் கடற்குதிரையைத் தின்றது. ஸ்ட்ரைக்கர் பிடித்த விரல் அதன் கைக்கு எட்டாமல் ரொம்ப நாள் தப்பித்திருந்தது.

சரி, சம்பவ நினைவு நன்றாக இருக்கும் நமக்கெல்லாம் அது எவ்வளவு உறுதி? என் கதையையே சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டில் படகு மேல் படகு ஏறிக் கிடந்ததை நான் நேரில் பார்த்தேன். சேறு வாடையும் டீசல் வாடையும் இப்போதும் மூக்கில் இருக்கிறது. வருஷா வருஷம் வகுப்பில் சொல்வேன். போன வருஷம் என் தங்கை சொன்னாள்: “இல்லண்ணா, நீ அன்னிக்கு அரக்கோணத்துல எங்க வீட்ல இருந்தே. லீவுக்கு வந்திருந்தே. டிவியிலதான் பார்த்தோம்.” சண்டை போட்டேன். அவள் ஆல்பத்தை எடுத்து வந்தாள். மொட்டைமாடியில் நான், மூலையில் ஆரஞ்சு எழுத்தில் அதே தேதி. இரண்டு நாள் கழித்துத்தான் ஊருக்குத் திரும்பி, காசிமேட்டுக்குப் போயிருக்கிறேன். இரண்டையும் தைத்து ஒன்றாக்கியது யார்? நான்தான், சொல்லிச் சொல்லியே.

எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியல் ஆய்வாளர் 1974-இல் வெளியிட்ட சோதனை ஒன்று. கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, சிலரிடம் ‘கார்கள் இடித்துக்கொண்டபோது என்ன வேகம்?’ என்றும், சிலரிடம் ‘நொறுங்கிப்போகிற மாதிரி மோதியபோது என்ன வேகம்?’ என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேள்வி. படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ‘இடித்துக்கொண்ட’ கேள்வி கேட்ட 50 பேரில் 7 பேர் பார்த்தோம் என்றார்கள். ‘நொறுங்கிப்போன’ கேள்வி கேட்ட 50 பேரில் 16 பேர். கேள்வியில் இருந்த ஒரு சொல் போய் நினைவில் உட்கார்ந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டில் எலிகளை வைத்து இன்னொன்று கண்டார்கள். உறுதியாகிவிட்ட பயத்தின் நினைவுகூட, திரும்ப எழுப்பப்படும்போது கொஞ்ச நேரம் இளகுகிறது, மறுபடி இறுகினால்தான் நிலைக்கிறது. அந்த நேரத்தில் மருந்து கொடுத்துத் தடுத்தால் பயமே போய்விடுகிறது.

இவ்வளவு இளகலான சரக்கின் மேலா ‘நான்’ என்று ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குக் கொஞ்ச நாள் கலக்கமாக இருந்தது. அதைத் தெளிய வைத்தவர் பக்கத்துத் தெருவில் சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன்.

ஐம்பத்து நான்கு வயது. யார் எத்தனையாவது தவணை கட்டியிருக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி, நோட்டைத் திறக்காமல் சொல்வார். அவ்வளவு ஞாபகம், அவ்வளவு நாணயம். அப்படிப்பட்டவர் ஒரு சாவு வீட்டில் சத்தமாகச் சிரித்தார். நாலு பேர் முன்னால் மனைவியைக் கேவலமாகப் பேசினார். பெட்டிக்கடையில் வாழைப்பழத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் நடந்தார். இனிப்பைக் கண்டால் நிறுத்த மாட்டார். பணம் சேர்ந்ததும் திமிர் வந்துவிட்டது என்றார்கள் சிலர். செய்வினை என்றார்கள் சிலர். எல்லாரும் சேர்ந்து சொன்ன ஒரு வார்த்தை, “ஆளே மாறிட்டாரு.” இரண்டு வருஷம் அலைந்த பிறகு, ஸ்கேனில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி சுருங்கியிருப்பது தெரிந்தது. இதுவும் டிமென்ஷியா என்னும் மூளைத் தேய்வு நோயில் ஒரு வகை. ஆரம்பத்தில் ஞாபகத்தை அவ்வளவாகத் தொடாது, நடத்தையைத்தான் முதலில் தொடும். பெரும்பாலும் 45 வயதுக்கும் 65 வயதுக்கும் நடுவில் வருவதால் நோய் என்றே யாருக்கும் தோன்றாது.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நைனாவுக்குப் பெற்ற பிள்ளையின் பெயரே போய்விட்டது. தெருவில் ஒருவர்கூட அவரை ‘ஆளே மாறிட்டாரு’ என்று சொல்லவில்லை. ‘பாவம், மறந்துபோச்சு’ என்றார்கள். ஏனென்றால் வாசலில் யார் வந்தாலும் “சாப்ட்டியா?” என்று கேட்பது அவரிடம் போகவில்லை, டீயில் பாதியை எதிரில் இருப்பவருக்கு ஊற்றிக் கொடுப்பது போகவில்லை. சீட்டு அண்ணனுக்கு ஒரு பைசா கணக்குகூட மறக்கவில்லை, அவர்தான் மாறிவிட்டார். நம் பேச்சிலேயே தீர்ப்பு இருந்திருக்கிறது. 2015-இல் நீனா ஸ்ட்ரோமிங்கர், ஷான் நிக்கல்ஸ் என்ற இருவர் இத்தகைய நோயாளிகளின் குடும்பத்தாரிடம் விசாரித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இவர் பழைய ஆள் இல்லை என்று குடும்பம் நினைப்பது நினைவு போவதால் அல்ல, பெரும்பாலும் நல்ல குணம் மாறுவதால்தான் என்பது அதன் முடிவு. ராயபுரம் டீக்கடையில் கேட்டிருந்தால் செலவில்லாமல் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் இது வெளியில் இருந்து பார்க்கிறவர்களின் கணக்கு. மறதி நோய் ஒன்றுக்குத் தன் பெயரைத் தந்த டாக்டர் அல்சைமர் முதன்முதலாக விவரித்த நோயாளி ஒரு ஜெர்மானியப் பெண். 1901-இல் மருத்துவமனைக்கு வந்தபோது அவருக்கு 51 வயது. தன் பெயரை எழுதச் சொன்னால் முடிக்க முடியாமல், ‘நான் என்னைத் தொலைத்துவிட்டேன்’ என்று சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. நைனாவுக்கு உள்ளே எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது டீயை மட்டும்தான்.

நெற்றி மூளை என்றதும் எல்லாப் புத்தகத்திலும் ஃபினியஸ் கேஜ் வந்துவிடுவார். 1848-இல் ரயில் பாதைக்குப் பாறை தகர்க்கும் வேலையில் வெடித்து, ஆறு கிலோ எடையுள்ள கம்பி கன்னத்தில் ஏறி உச்சந்தலையைத் துளைத்துக்கொண்டு போனது. பிழைத்தார். பொறுப்பான மேஸ்திரியாக இருந்தவர் வாய்க்கு வந்தபடி பேசும் ஆளானார், ‘இவர் பழைய கேஜ் இல்லை’ என்றார்கள் நண்பர்கள். அங்கேயும் அதே வார்த்தைதான் பாருங்கள். ஆனால் பின்னால் அவர் சிலி நாட்டில் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். காயம் பட்ட மூளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும், அதையும் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், பிற்பாடு கலிஃபோர்னியாவில் ஓர் இளைஞரைப் பார்த்தார். விபத்தில் தலையில் அடிபட்டவர். தன் அம்மாவைப் பார்த்து, ‘அச்சு அசலாக அம்மா மாதிரியே இருக்கிறாள், ஆனால் இவள் யாரோ’ என்பார். அதே அம்மா போனில் பேசினால் உடனே அடையாளம் தெரிந்தது! முகத்தை அறியும் பகுதியிலிருந்து பாசத்தைக் கிளப்பும் பகுதிக்குப் போகும் பாதை அறுந்திருக்க வேண்டும், காதிலிருந்து போகும் பாதை பிழைத்திருக்க வேண்டும் என்பது ராமச்சந்திரன் தந்த விளக்கம். அம்மா மாறவில்லை. பார்க்கும் மூளை ‘ஆளே மாறிட்டாங்க’ என்கிறது.

வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு பையன் கட்டாயம் எழுந்து நிற்பான். “அப்ப தப்பு பண்றவன் எல்லாம் மூளை மேல பழி போட்டுடலாமா சார்?” நல்ல கேள்வி. கொருக்குப்பேட்டை கேட்டில் ஐந்து பேர் தண்டவாளத்தில் நிற்கிறார்கள், ரயில் வருகிறது, பாலத்தின் மேல் இருக்கும் ஒரு தடித்த ஆளைத் தள்ளிவிட்டால் ரயில் நின்று ஐவரும் பிழைப்பார்கள் என்று வையுங்கள். தள்ளுவீர்களா? பெரும்பாலோர் மாட்டார்கள், வயிற்றைப் பிசையும். நெற்றி மூளையின் அடிப்பக்கம் சேதமான ஆறு பேரிடம் இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்டு 2007-இல் வெளியிட்டார்கள். மற்றவர்களைவிட அவர்கள் சுலபமாகச் சரி என்றார்கள். கணக்கு சரிதான், ஐந்து ஒன்றைவிடப் பெரியது. நம்மைத் தடுப்பது கணக்கு இல்லை, அந்தப் பிசைவு.

சட்டம் இன்னும் கணக்குப் பக்கம்தான் நிற்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84-ஆவது பிரிவாக இருந்து, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆவது பிரிவாக இருப்பது, மனநலம் குன்றியவர் செய்த செயல் பற்றியது. தான் செய்வது என்ன, அது தவறா, சட்டத்துக்கு விரோதமா என்று அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்றுதான் அது கேட்கிறது. சீட்டு அண்ணனிடம் நானே கேட்டேன்.

“காசு குடுக்காம எடுத்தா தப்புதானே?”

“தப்புதான்.”

“அப்புறம் ஏன் எடுத்தீங்க?”

“பழம் இருந்துச்சு.”

தெரியும். தெரிந்ததற்கும் கைக்கும் நடுவில் ஒன்று போய்விட்டது. அதற்குப் பெயர் சட்டத்திலும் இல்லை, என் பாடப் புத்தகத்திலும் இல்லை.

பெட்டிக்கடைக்காரரும் அந்த அண்ணியும் இதற்கு ஒரு வழி செய்தார்கள். மாதம் பிறந்ததும் அண்ணி கடையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்து வைப்பார். அவர் எடுத்ததைக் கடைக்காரர் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருவார். வாழைப்பழம் 2, கடலை மிட்டாய் 3, இப்படி. அந்த நோட்டில் சில நாள் பழம் கூடுதலாக இருக்கிறதே என்று அண்ணி கேட்டபோதுதான் தெரிந்தது, எங்கள் நைனாவும் பக்கத்தில் நின்று தின்றிருக்கிறார். ஒரு பழத்தில் பாதியைக் கடைக்காரருக்கே நீட்டியிருக்கிறார். என் பங்குக் காசை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் வாங்கவில்லை.

வணக்கம்.