மூன்று தோல்விக்குப் பிறகு: பாஸ்டன் ரெட் சாக்ஸ், 2004

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க பேஸ்பாலில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு 1918-க்குப் பிறகு 86 ஆண்டுகள் கோப்பை வாய்க்கவில்லை. 2004-இல் வாய்த்தது. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில், பரம வைரியான நியூயார்க் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றுவிட்டு, மீதி நான்கையும் வென்றார்கள். ஏழு ஆட்டத் தொடரில் அப்படி மீண்ட அணி மேஜர் லீக் வரலாற்றில் அதுவரை இல்லை. இன்றுவரை வேறொன்றும் இல்லை.

அந்த வெற்றி என்றதும் எல்லோரும் பாஸ்டனின் டேவிட் ஓர்டிஸ் அடித்த அடிகளைத்தான் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் கோப்பைக்கு வழி திறந்தவர்கள் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவர்களும், முறை மாறிப் பந்து வீசியவர்களும்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஜூலை 31-லிருந்து தொடங்குவோம். அணிகள் தங்களுக்குள் வீரர்களைத் தடையில்லாமல் மாற்றிக்கொள்ள அந்த ஆண்டு அதுதான் கடைசி நாள். பாஸ்டனின் செல்லப்பிள்ளையான ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்; ரன் எடுக்க ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ்கள்) நோமார் கார்சியாபாராவை பொது மேலாளர் தியோ எப்ஸ்டீன் சிகாகோ கப்ஸுக்கு அனுப்பினார். நான்கு அணிகள் கைமாற்றிக்கொண்ட பேரம் அது. பதிலுக்கு வந்தவர்கள் ஷார்ட்ஸ்டாப் ஆர்லாண்டோ கப்ரெராவும், முதல் பேஸ் காக்கும் டக் மின்கேவிச்சும். இருவருமே ஃபீல்டிங்கில் கெட்டிக்காரர்கள். தரையோடு உருளும் பந்தை ஷார்ட்ஸ்டாப் நழுவவிட்டால் ஒரு அவுட் போவதோடு முடியாது. பந்து வீசும் பிட்சர் இன்னும் ஐந்தாறு பந்து கூடுதலாக வீச வேண்டிவரும். அது மாதக்கணக்கில் சேர்ந்தால் அக்டோபரில் தோள் ஓய்ந்துவிடும். ரசிகர்களின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு எப்ஸ்டீன் அந்த ஓட்டையை அடைத்தார். அதே நாளில், அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றத்தில், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடமிருந்து டேவ் ராபர்ட்ஸ் வந்தார். அவருடைய சொத்து அவருடைய கால்கள். அந்த ஆண்டு 41 முறை பேஸ் திருட (பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர) முயன்று 38 முறை வென்றவர்.

லீக் ஆட்டங்களில் 98 வெற்றி, 64 தோல்வி. பிரிவில் யாங்கீஸுக்கு அடுத்த இடம்; வைல்டு கார்டு (பிரிவில் முதலிடம் பெறாத அணிகளில் சிறந்ததற்குத் தரும் இடம்) வழியாக பிளேஆஃபுக்குள் நுழைந்தார்கள். அனாஹெய்ம் ஏஞ்சல்ஸை மூன்றே ஆட்டத்தில் அனுப்பினார்கள். பிறகு யாங்கீஸ் வந்தது: 10-7, 3-1, 19-8 என்று மூன்று தோல்வி.

இந்த 19-8 ஆட்டத்தில்தான் திருப்பம் ஒளிந்திருக்கிறது. தொடக்க பிட்சர் பிரான்சன் அரோயோ 2 இன்னிங்ஸில் வெளியேற (ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; சமநிலை என்றால் நீளும்), மிச்ச இன்னிங்ஸை அவருக்குப் பின் வந்து வீசும் ரிலீவர்கள்தான் சுமக்க வேண்டும் என்ற நிலை. மறுநாள் ஆட்டத்தைத் தொடங்க வேண்டியவர் டிம் வேக்ஃபீல்டு. அவர் தானாகவே முன்வந்து, அந்த வாய்ப்பை விட்டுக்கொடுத்து, தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தில் 3 இன்னிங்ஸுக்கும் மேலாக வீசினார். ஆட்டம் போனது, ரிலீவர்களின் கைகள் தப்பின. மறுநாள் அந்தக் கைகள் இல்லாமல் 12 இன்னிங்ஸ் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

அக்டோபர் 17, பாஸ்டனின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க். ஒன்பதாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 4-3 முன்னிலை. வீசுபவர் மரியானோ ரிவெரா; ஆட்டத்தை முடித்துவைப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. பாஸ்டனின் கெவின் மில்லர் வாக் வாங்கி (நான்கு பந்துகள் இலக்குக்கு வெளியே போனதால் இலவசமாக) முதல் பேஸுக்குப் போனார். அவருக்குப் பதில் ராபர்ட்ஸ் ஓட வந்தார். எதற்கு வந்திருக்கிறார் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். பேஸுக்கும் பேஸுக்கும் 90 அடி. பிட்சர் அசையத் தொடங்கி, அடிப்பவருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் கைக்குப் பந்து போக சுமார் 1.3 வினாடி. கேட்சர் வாங்கி இரண்டாவது பேஸுக்கு எறிய சுமார் 2 வினாடி. ஆக, ஓடுபவருக்குக் கிடைப்பது 3.3 வினாடி. முதல் பேஸிலிருந்து 12 அடி தள்ளி நின்றால் ஓட வேண்டியது 78 அடி. இன்னும் ஓரடி தள்ளி நின்றால், பிட்சர் முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கிவிடுவார். ஓரடி குறைத்தால் இரண்டாவது பேஸில் அவுட். பன்ட் அடித்து (பந்தை மெல்லத் தட்டிவிட்டு) ஆளை நகர்த்தலாமே என்று கேட்கலாம். அதற்கு ஒரு அவுட்டை விலையாகக் கொடுக்க வேண்டும்; மிச்சமே மூன்றுதான்.

ரிவெரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்தார். மூன்று முறையும் ராபர்ட்ஸ் பாய்ந்து திரும்பினார். உட்கார்ந்தே இருந்து விறைத்த கால்கள் அதிலேயே சூடேறிவிட்டன. பில் மியூலருக்கு வீசிய முதல் பந்திலேயே ஓடினார். கேட்சர் ஹோர்ஹே பொசாடாவின் எறி நல்ல எறிதான். டெரெக் ஜீட்டர் வாங்கித் தொடுவதற்குள் ராபர்ட்ஸின் கை பேஸில் இருந்தது. மியூலர் பந்தை நடுவே அடித்தார், ராபர்ட்ஸ் ஹோம் பேஸ் சேர்ந்து ரன் எடுத்தார், 4-4. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஓர்டிஸ் ஹோம் ரன் அடித்து 6-4 என்று முடித்தார். (2023-இல் வந்த விதிப்படி, மூன்றாவது எறியில் ஆள் அவுட் ஆகாவிட்டால் அது பாக் எனும் பிட்சரின் விதிமீறல், ராபர்ட்ஸ் ஓடாமலே இரண்டாவது பேஸைப் பெற்றிருப்பார்.)

அடுத்த ஆட்டம் 14 இன்னிங்ஸ், ஏறக்குறைய ஆறு மணி நேரம். கடைசி 3 இன்னிங்ஸ் மறுபடி வேக்ஃபீல்டு. அவருடையது நக்கிள்பால்: விரல் நுனிகளால் பிடித்து, சுழற்சியே இல்லாமல் தள்ளிவிடும் மெதுவான பந்து. காற்று எப்படித் தள்ளுகிறதோ அப்படிப் போகும். வீசியவருக்கே எங்கே இறங்கும் என்று தெரியாது. அதற்கென்று பெரிய கையுறை வைத்திருந்த டக் மிராபெல்லிதான் வழக்கமாக அவருக்குக் கேட்சர். அன்று நின்றவர் பழக்கமில்லாத ஜேசன் வேரிடெக். பதிமூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் மூன்று பந்துகள் அவரைத் தாண்டிப் போயின. யாங்கீஸ் ஆள் மூன்றாவது பேஸ் வரை வந்துவிட்டார். இன்னொன்று தவறியிருந்தால் யாங்கீஸ் முன்னிலை பெற்றிருக்கும். யாங்கீஸின் ரூபன் சியரா அடிக்கத் தவறி அவுட்டான (ஸ்டிரைக்-அவுட்) பந்தை வேரிடெக் பிடித்துவிட்டார். அடுத்த இன்னிங்ஸில் ஓர்டிஸ் மறுபடி அடித்து 5-4.

ஆறாவது ஆட்டம் கர்ட் ஷில்லிங். வலது கணுக்காலில் தசைநாரைப் பிடித்துவைக்கும் உறை கிழிந்து, நார் இடம் நழுவிக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் அதனாலேயே 3 இன்னிங்ஸில் 6 ரன் கொடுத்திருந்தார். நார் நகராதபடி தோலைக் கீழுள்ள திசுவோடு சேர்த்துத் தைத்தார் மருத்துவர். காலுறையில் ரத்தம் கசிய 7 இன்னிங்ஸ் வீசி ஒரே ரன் கொடுத்தார்; 4-2. அடுத்த நாள் 10-3.

கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில், லீக் ஆட்டங்களில் 105-ஐ வென்றிருந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் நான்கே ஆட்டத்தில் வீழ்ந்தது. மூன்றாவது ஆட்டத்தில் அவர்களின் பிட்சர் ஜெஃப் சுப்பான் மூன்றாவது பேஸில் இருந்தார். பாஸ்டன் ஃபீல்டர்கள் பின்னால் நின்று அந்த ரன்னை விட்டுக்கொடுக்கவே தயாராக இருந்தார்கள். பந்து தரையில் உருண்டது. சுப்பான் ஓடாமல் பாதியில் தயங்கினார். முதல் பேஸில் அவுட்டை முடித்த ஓர்டிஸ் குறுக்கே எறிந்து அவரையும் பிடித்தார். இலவசமாக வந்த ரன் இரட்டை அவுட்டாக மாறியது.

டெரெக் லோவைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சீசன் முழுக்கத் தடுமாறி, பிளேஆஃப் தொடங்கியபோது தொடக்க பிட்சர் வரிசையிலிருந்தே நீக்கப்பட்டவர். வேக்ஃபீல்டு விட்டுக்கொடுத்த நான்காவது ஆட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். இரண்டே நாள் ஓய்வில் ஏழாவது ஆட்டத்தையும் தொடங்கி, 6 இன்னிங்ஸில் ஒரே ஹிட் (அடித்தவர் பேஸ் சேரும் அடி) கொடுத்தார். அக்டோபர் 27 அன்று 3-0 என்று கோப்பையை முடித்த ஆட்டத்தில் 7 இன்னிங்ஸ், ஒரு ரன்கூட இல்லை. ஏஞ்சல்ஸ், யாங்கீஸ், கார்டினல்ஸ் என்று மூன்று தொடர்களிலும் கடைசி ஆட்டத்தின் வெற்றி பிட்சர் லோதான்.